வீடு பார்ப்பது பெண் பார்ப்பது அல்ல

நம்மவர்கள் வீடு வாங்கப் போகும் முறையைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். நல்ல நாள் பார்த்து, நாலைந்து பேராகத் திரண்டு போகிறார்கள். வீட்டுக்காரர் வரவேற்று இருத்துகிறார். தேநீரும் பலகாரமும் வருகின்றன. நிலத்துக்குப் பதித்த மாபிளைப் பாராட்டுகிறார்கள். தலைவாசல் எந்தத் திசை, குசினி அக்கினி மூலையில் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். யாருக்கு யார் உறவு என்று விசாரிக்கிறார்கள். "உறுதி எல்லாம் கிளியர்தானே?" என்ற ஒரே கேள்வி தரகரிடம், அதுவும் படலையடியில் வைத்து, தாழ்ந்த குரலில் கேட்கப்படுகிறது. "அதெல்லாம் கிளியர் ஐயா" என்கிறார் தரகர். வேறு என்ன சொல்வார்? விற்றால்தான் அவருக்குக் கூலி.

கேள்வி கேட்டால் வீட்டுக்காரர் மனம் நோவார் என்ற இந்த நாகரிகம் நம்மவரின் ஆயுட்காலச் சேமிப்புக்கு வைக்கப்படும் கொள்ளி என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். டொரொன்ரோவிலும் லண்டனிலும் இரண்டு வேலை பார்த்துச் சேர்த்த பணம், கைத்தொலைபேசியில் வந்த ஒரு காணொளியை நம்பி யாழ்ப்பாணத்துக் காணியொன்றில் இறங்குகிறது. பிறகு பத்து வருடம் நீதிமன்றப் படிக்கட்டு.

வீட்டைப் பார்க்கப் போகும்போது முதலில் பார்க்க வேண்டியது சுவரை அல்ல, மனிதரை. உள்ளறையில் ஒரு மூதாட்டி கட்டிலில் இருக்கிறாரா? அவர் யார் என்று கேளுங்கள். மகளுக்குச் சீதனமாகவோ நன்கொடையாகவோ எழுதிய தாய், தன் சீவிய உரித்தை ஒதுக்கிவைத்து எழுதியிருக்கலாம். அப்படியானால், மகள் உங்களுக்கு அறுதி உறுதி முடித்துத் தந்தாலும் தாய் உயிரோடு உள்ளவரை அந்த வீட்டில் இருந்து அனுபவிக்கும் உரிமை தாய்க்கே உரியது. உறுதியைப் படித்தால் இது ஒரு வரியாகத் தெரியும். படிக்காதவருக்குக் குடிபுகும் நாளில் தெரியும்.

அடுத்து, அங்கே இல்லாத மனிதர்கள். இவர்கள்தாம் பெரும் ஆபத்து. தகப்பன் இறந்து, பிள்ளைகள் பிரிக்காமலே வைத்திருந்த காணியில் ஒரு பிள்ளை மட்டும் நின்று விலை பேசுவது இங்கு சர்வசாதாரணம். மற்றவர்கள் எங்கே? ஒருவர் பிரான்சில், ஒருவர் நோர்வேயில், ஒருவரைப் பற்றிப் பேச்சே இல்லை. ஒல்லாந்தர் 1707இல் தொகுத்த தேசவழமைச் சட்டம் இன்றும் வடக்குத் தமிழரின் காணிகளை ஆள்கிறது. பங்காளிகளுக்கும் உரித்தாளர்களுக்கும் முதலில் வாங்கும் உரிமையை அது தருகிறது. அவர்களுக்கு முறைப்படி அறிவித்தல் கொடுக்க வேண்டும் என்று 1947ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. அறிவித்தல் கொடுக்காமல் விற்ற பங்கின்மீது நோர்வேக்காரர் வழக்கு வைத்தால், மாபிள் பதித்த நிலத்தில் நின்று நீங்கள் பதில் சொல்ல வேண்டும். பழைய உறுதிகளில் மணமான பெண் விற்றிருந்தால், 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் கேட்ட கணவரின் எழுத்துமூலச் சம்மதம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். பெண்ணின் சொத்துக்கு ஆணின் கையொப்பம் கேட்ட அந்த விதி அநீதியானது என்பதே என் கருத்து. ஆனால் அநீதியான விதியாலும் உறுதி பழுதாகும்.

அற்றோணித் தத்துவம் என்ற கடதாசியும் இன்று நம்மூரில் தாராளமாகப் புழங்குகிறது. வெளிநாட்டிலிருப்பவர் தன் சார்பில் விற்கும்படி ஒருவருக்குக் கொடுக்கும் அதிகாரம் அது. கொடுத்தவர் இறந்த கணமே அதுவும் இறந்துவிடும். எனவே அவர் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்பது அபசகுனம் அல்ல. அவருடனேயே ஒருமுறை முகம் பார்த்துப் பேசிவிடுங்கள். காணொளி அழைப்புக்கு உருப்படியான பயன்பாடு இதுதான்.

"நொத்தாரிசு எல்லாம் பார்த்துக்கொள்வார்" என்பவர்கள் உண்டு. விற்பவரே கூட்டிவந்த நொத்தாரிசு எதைப் பார்ப்பார்? இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையொப்பம் வாங்குவார். காணிப் பதிவகத்தில் தோம்பு பார்க்கச் சொல்லி நீங்கள் உங்கள் ஆளைத்தான் அனுப்ப வேண்டும். முப்பது ஆண்டுப் பதிவைப் பார்ப்பது பொதுவான வழக்கம். நம் காணிகளுக்கு அது போதாது. முப்பது ஆண்டு பின்னே போனால் 1995ஆம் ஆண்டு இடப்பெயர்வின் அண்டையில்தான் போய் நிற்போம். உரியவர் ஊரில் இல்லாத, யார் யாருடைய வீட்டிலோ இருந்த காலம் அது. பத்து ஆண்டு தடையின்றி எதிராட்சி செய்தவர் உரிமை கோரலாம் என்கிறது 1871ஆம் ஆண்டுச் சட்டம். போரினால் காணியை விட்டு ஓடியவருக்கு இதனால் நேர்ந்த கொடுமைக்குப் பரிகாரம் தேட 2016இல் தனிச்சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. 1983க்கு முந்திய உறுதி யார் பெயரில் இருந்தது என்று அறியாமல் ஒரு சதமும் கொடுக்கக் கூடாது என்பேன்.

இனிக் கிணறு. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லாத குடாநாட்டில் வீட்டின் உயிர் அதுதான். நம் புலம்பெயர்ந்தோர் நல்லூர்த் திருவிழாவை ஒட்டி, ஆவணி வெயிலில் வந்து வீடு பார்க்கிறார்கள். அது ஒருவகையில் நல்லது. வரட்சியில்தான் கிணற்றின் குணம் தெரியும். ஆனால் எத்தனை பேர் ஒரு வாளி அள்ளி வாயில் விட்டுப் பார்க்கிறார்கள்? பங்குக் கிணறா, தனிக் கிணறா? பங்கென்றால் உறுதியில் அது எழுதப்பட்டிருக்கிறதா? பக்கத்து வளவின் மலசலக்குழி எவ்வளவு தூரத்தில்? சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகள் வழியே அழுக்கு வேலி பார்க்காமல் வரும். சுன்னாகத்தில் மின் நிலையக் கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்த விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய், 2019இல் 2 கோடி ரூபா நட்டஈடு கொடுக்கும்படி தீர்ப்பானது. நீரை ஆய்வுகூடத்துக்கு அனுப்புங்கள். வாஸ்துக்காரருக்குக் கொடுக்கும் காசை விட அதிகம் செலவாகிவிடாது. ஆவணியில் வந்தவருக்குக் கார்த்திகை வெள்ளம் தெரியாது. மதில் அடியில் நீர் நின்ற கறை இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். புதிதாகச் சுண்ணாம்பு அடித்த மதிலானால் இன்னும் நன்றாகக் குனியுங்கள்.

வெள்ளவத்தையில் தொடர்மாடி வாங்குபவர் நிலைமை வேறு. அங்கே கடல் தெரிகிறதா என்பதில் மயங்கிப் போகிறார்கள். 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கட்டடத்தின் மாடிமனைப் படம் பதிவாகியிருந்தால்தான் உங்கள் வீட்டுக்குத் தனி உறுதி. அனுமதித்த வரைபடத்தின்படியே கட்டி முடிக்கப்பட்டது என்ற சான்றிதழ் உண்டா, முன்னைய உரிமையாளர் பராமரிப்புக் கட்டணத்தைப் பாக்கி வைத்திருக்கிறாரா என்று கேட்டு, பற்றுச்சீட்டைக் கையில் வாங்கிப் பார்க்க வேண்டும்.

இத்தனையும் கேட்டால் வீடு கைநழுவிவிடும் என்று தரகர் அவசரப்படுத்துவார். "நாளைக்குச் சுவிஸ் ஆள் வருகிறார்" என்பார். வரட்டும். நீங்கள் இரண்டாம் முறை தரகர் இல்லாமல், ஒரு வேலை நாள் காலையில் போய், அயல் வீட்டுப் படலையைத் தட்டுங்கள். எல்லைக் கதியாலை யார் எப்போது நகர்த்தினார், கையொழுங்கை யாருக்குச் சொந்தம், அந்த வீட்டுப் பிள்ளைகளில் யார் யாரோடு பேச்சுவார்த்தை இல்லை என்பதெல்லாம் அங்கே அரை மணித்தியாலத்தில் தெரிந்துவிடும். முற்பணப் பேச்சை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.