மாத்திரை கண்டதும் மருத்துவர் சொன்னதும்

1962ஆம் ஆண்டு செப்டம்பர் 23ஆம் நாள் அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் ‘தி ஜெட்சன்ஸ்’ என்னும் கார்ட்டூன் தொடர் தொடங்கியது. ஹன்னா-பார்பெரா நிறுவனம் உருவாக்கிய அத்தொடர், நூறு ஆண்டுகளுக்குப் பிந்தைய உலகில் வாழும் ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்வது. பறக்கும் ஊர்தி, இயந்திரப் பணிப்பெண், பொத்தானை அழுத்தியதும் வந்து சேரும் உணவு எனப் பல வியப்புகளை அது காட்டியது. முதற்பருவத்தில் வெளிவந்தவை 24 பகுதிகள் மட்டுமே. ஆயினும் அவை பல்லாண்டுகள் மீண்டும் மீண்டும் ஒளிபரப்பாகி, சிறுவர்களின் நினைவில் நிலைத்துவிட்டன. அவற்றுள் 1962 டிசம்பர் 30 அன்று வெளியான ‘டெஸ்ட் பைலட்’ என்னும் பகுதி, மருத்துவமனைக்கு வந்து செல்லும் ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்கத் தக்கது என்பது என் கருத்து.

கதை எளியது. குடும்பத் தலைவர் ஜார்ஜ் ஜெட்சன் உடற்பரிசோதனைக்குச் செல்கிறார். ‘பீக்-எ-பூ புரோபர்’ என்னும் சிறு மாத்திரையை விழுங்குமாறு மருத்துவர் தருகிறார். அம்மாத்திரை உடலுக்குள் உலவி, உள்ளே உள்ளவற்றை வெளியே இருப்பவருக்குக் காட்டுகிறது. அதன்பின், ஜார்ஜ் இன்னும் சிறிது காலமே உயிர் வாழ்வார் என்று மருத்துவர் கூறிவிடுகிறார். அச்செய்தியைக் கேட்ட ஜார்ஜ் அச்சத்தை உதறிவிடுகிறார். இனி இழக்க என்ன இருக்கிறது என்ற எண்ணத்தில், முதலாளி ஸ்பேஸ்லியின் நிறுவனம் உருவாக்கிய, எதனாலும் சிதையாத மேலங்கியை அணிந்து, உயிருக்கு உலை வைக்கும் சோதனைகளுக்குத் தம்மை ஒப்படைக்கிறார். ஏவுகணையும் அவர்மீது ஏவப்படுகிறது. பின்னரே மருத்துவர் சொன்னது தவறு, ஜார்ஜுக்கு நோய் ஏதும் இல்லை என்பது தெரியவருகிறது. அந்நொடியே பழைய அச்சம் அவரிடம் திரும்பிவிடுகிறது.

இக்கதையில் வரும் மாத்திரை இன்று கற்பனையன்று. வெளியான காலத்திலேயே அது முழுக் கற்பனையாக இருக்கவில்லை. உடலுக்குள் சென்று வானொலி அலை மூலம் செய்தி அனுப்பும் விழுங்கு கருவியைப் பற்றி 1957ஆம் ஆண்டிலேயே ‘நேச்சர்’ அறிவியல் இதழில் ஆய்வுரை வெளிவந்தது. ஆனால் அது படம் எடுக்கவில்லை. படம் எடுக்கும் மாத்திரையைப் பற்றிய கட்டுரை, இஸ்ரேலியப் பொறியாளர் கவ்ரியேல் இத்தானும் பிரித்தானிய மருத்துவர் பால் ஸ்வெய்ன் உள்ளிட்டோரும் எழுதியது, 2000ஆம் ஆண்டில் அதே இதழில் வெளிவந்தது. 2001இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அதற்கு ஒப்புதல் அளித்தது. இன்று மருத்துவமனைகளில் ‘கேப்சூல் எண்டோஸ்கோபி’ என்று வழங்குவது இதுவே.

அதன் நீளம் ஏறத்தாழ 26 மில்லிமீட்டர். குறுக்களவு 11 மில்லிமீட்டர். நோயாளி சுமார் 12 மணி நேரம் உணவு தவிர்த்தபின் அதனைத் தண்ணீருடன் விழுங்குகிறார். ஒளிவிளக்கும் படக்கருவியும் மின்கலமும் கொண்ட அக்குளிகை, குடலின் இயல்பான அசைவினாலேயே நகர்ந்து செல்கிறது. தொடக்ககாலக் குளிகைகள் நொடிக்கு இரண்டு படங்கள் வீதம் ஏறத்தாழ 8 மணி நேரம் இயங்கின. அப்படங்கள் இடுப்பில் கட்டிய பதிவுக் கருவியில் சேர்கின்றன. மொத்தம் ஐம்பதாயிரத்திற்கும் மேற்பட்ட படங்கள். வாய் வழியாகவோ ஆசனவாய் வழியாகவோ செலுத்தும் வழக்கமான எண்டோஸ்கோபிக் குழாய் எளிதில் எட்டாத சிறுகுடலின் நீண்ட பகுதியைக் காண இது பெரிதும் உதவுகிறது. காரணம் புலப்படாத குடல் இரத்தக்கசிவு, குரோன் நோய் போன்றவற்றில் இதன் பயன் மிகுதி. பணி முடிந்ததும் குளிகை மலத்துடன் வெளியேறிவிடும்.

வியக்கத்தக்க கருவிதான். ஆயினும் அதற்கு எல்லைகள் உண்டு. அதனால் திசுவை எடுத்துவர இயலாது. இரத்தக்கசிவை நிறுத்தவும் இயலாது. குடலில் குறுகிய இடம் இருந்தால் அங்கேயே தங்கிவிடக்கூடும். ஆகவே முன்னர் வயிற்றில் அறுவைச் சிகிச்சை நடந்திருந்தாலோ, விழுங்குவதில் இடர் இருந்தாலோ, முன்கூட்டியே மருத்துவரிடம் தெரிவித்தல் வேண்டும். குளிகை வெளியேறியது உறுதியாகும் வரை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தல் கூடாது.

கருவி இவ்வாறு மெய்யாகிவிட்டதைப் பலரும் எடுத்துக்காட்டி, அக்கார்ட்டூனின் முன்னறிவை மெச்சுவர். நான் மெச்ச விரும்புவது கதையின் பிற்பகுதியை. வருங்காலத்தின் எல்லா வியப்புகளையும் கற்பனை செய்தவர்கள், அங்கும் ஒரு மருத்துவர் தவறாகச் சொல்லக்கூடும் என்பதையும், அச்சொல் ஒரு மனிதரின் வாழ்வையே தடம் மாற்றக்கூடும் என்பதையும் கற்பனை செய்தார்கள். சிரிப்புக்காகச் செய்த கற்பனைதான். ஆனால் அதில் உண்மை இருக்கிறது.

படம் வேறு, நோய் இன்னது என்னும் முடிவு வேறு. ஐம்பதாயிரம் படங்களையும் ஒருவர் அமர்ந்து பார்க்க வேண்டும். மென்பொருள் துணை செய்யலாம். பார்த்ததை நோயாளியின் உடற்குறிகளோடும் இரத்தப் பரிசோதனையோடும் பழைய வரலாற்றோடும் பொருத்திப் பார்க்க வேண்டும். தேவையெனில் திசுப் பரிசோதனையால் உறுதி செய்ய வேண்டும். இத்தனை படிகளைக் கடந்த பின்னரே ஓர் அறிக்கை முடிவு என்னும் பெயருக்கு உரியதாகிறது. உலக சுகாதார நிறுவனம் 2024ஆம் ஆண்டின் உலக நோயாளர் பாதுகாப்பு நாளுக்கு, நோயறிதலை மேம்படுத்துதல் என்பதையே கருப்பொருளாகக் கொண்டது. நோயறிதலில் பிழை நேரக்கூடும் என்பதை மருத்துவ உலகமே மறைக்காமல் ஏற்றுக்கொள்கிறது.

ஆகவே கடுமையான முடிவு ஒன்றைக் கேட்கும் நோயாளிக்கும் குடும்பத்தாருக்கும் சில வினாக்களைக் கேட்கும் உரிமை உண்டு. இந்த அறிக்கை என்னுடையதுதானா? பெயரும் மருத்துவமனைப் பதிவெண்ணும் சரியாக உள்ளனவா? இது உறுதியான முடிவா, ஐயத்திற்குரிய நிலையா? இதனை உறுதிப்படுத்த வேறு பரிசோதனை உண்டா? வேறு எந்த நோயும் இதே போன்ற தோற்றத்தைத் தரக்கூடுமா? அடுத்து என்ன செய்ய வேண்டும், எத்தனை நாட்களுக்குள் செய்ய வேண்டும்? இவற்றுள் எதுவும் மருத்துவரை அவமதிக்கும் வினா அன்று. நல்ல மருத்துவர் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ளும் வினாக்களே இவை. இன்னொரு மருத்துவரின் கருத்தை நாடுவதும் அவ்வாறே.

இவற்றினும் கடினமான வினா ஒன்று உண்டு: இன்னும் எவ்வளவு காலம்? ஜார்ஜ் ஜெட்சனை நிலைகுலையச் செய்தது இதற்கான விடைதான். இங்கே ஓர் உண்மை வரலாற்றை நினைவுகூர விரும்புகிறேன். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் தொல்லுயிரியல் அறிஞர் ஸ்டீவன் ஜே கூல்டுக்கு 1982ஆம் ஆண்டில் வயிற்றுப் பகுதியில் மீசோதெலியோமா என்னும் அரிய புற்றுநோய் கண்டறியப்பட்டது. அந்நோயாளிகளின் இடைநிலை வாழ்நாள் 8 மாதங்கள் என்று மருத்துவ நூல்கள் கூறுவதை அவர் படித்தார். திகைத்தார்; பின்னர் சிந்தித்தார். இடைநிலை 8 மாதங்கள் என்றால், பாதிப் பேர் அதற்குள் இறந்தனர் என்பது பொருள். மற்றப் பாதிப் பேர் அதற்கு மேலும் வாழ்ந்தனர் என்பதும் அதே எண்ணின் பொருள். அவர்களுள் சிலர் பல்லாண்டுகள் வாழ்ந்திருக்கக்கூடும். தமது வயது, நோயின் நிலை, கிடைக்கும் சிகிச்சை ஆகியவற்றை எண்ணிப் பார்த்து, தாமும் அந்த இரண்டாம் பாதியில் இருக்க வாய்ப்புண்டு என்று தெளிந்தார். 1985இல் இதனைக் கட்டுரையாகவும் எழுதினார். சிகிச்சை பெற்று 20 ஆண்டுகள் வாழ்ந்து, 2002இல் வேறொரு புற்றுநோயால் மறைந்தார்.

எல்லோருக்கும் இவ்வாறு நிகழும் என்று கூறுவது நேர்மையன்று. மருத்துவர்களின் கணிப்பு எந்தப் பக்கம் பிழைக்கிறது என்பதையும் நாம் அறிந்திருக்க வேண்டும். 2000ஆம் ஆண்டில் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் கிறிஸ்டாகிஸ், லமோன்ட் என்னும் இருவர் வெளியிட்ட ஆய்வு, இறுதிக்கட்டப் பராமரிப்பில் இருந்த 468 நோயாளிகளின் வாழ்நாள் பற்றிய கணிப்புகளை ஆராய்ந்தது. அவற்றுள் 20 விழுக்காடு மட்டுமே ஏறக்குறையச் சரியாக இருந்தன. 17 விழுக்காடு, நோயாளி உண்மையில் வாழ்ந்ததைவிடக் குறைவாகச் சொன்னவை. 63 விழுக்காடு, மிகுதியாகச் சொன்னவை. ஜார்ஜுக்கு நேர்ந்ததைவிட அதற்கு நேர்மாறானதே மிகுதியாக நிகழ்கிறது. ஆகவே மருத்துவர் சொல்லும் காலக்கணக்கைக் கல்வெட்டாகக் கொள்வதும் பிழை. மருத்துவர் எப்போதும் மிகைப்படுத்தி அச்சுறுத்துகிறார் என்று தள்ளிவிடுவதும் பிழை. அதை ஒரு மதிப்பீடாக ஏற்று, நலமான நிலையில் எவ்வாறு இருக்கும், நலமற்ற நிலையில் எவ்வாறு இருக்கும் என்று இரண்டையும் கேட்டறிதல் தக்கது.

‘இவ்வளவு கேள்வி கேட்டுக்கொண்டிருந்தால் சிகிச்சை தாமதமாகாதா?’ என்று சிலர் வினவலாம். நியாயமான ஐயம். மாரடைப்பு, பக்கவாதம் போன்ற நிலைகளில் ஒவ்வொரு நிமிடமும் விலைமதிப்பற்றது. மூளை இரத்தக்குழாயில் அடைப்பு ஏற்பட்டால், உறைவைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்திற்குள் தர வேண்டும். அங்கே முதலில் சிகிச்சை, வினாக்கள் பின்னர். ஆனால் நெடுநாள் நோய்களில் பெரும்பாலும் சில நாட்கள் சிந்திக்க இடமிருக்கும். எவ்வளவு இடமிருக்கிறது என்பதையும் மருத்துவரிடமே கேட்கலாம்.

அந்தச் சில நாட்களை ஜார்ஜ் பயன்படுத்தியிருந்தால் ஏவுகணையின் முன் நின்றிருக்க மாட்டார். கெட்ட செய்தி கேட்ட அன்றே எடுக்கும் முடிவுகள் பெரும்பாலும் அச்சத்தின் முடிவுகளாகவே அமைகின்றன. மருந்தை நிறுத்துதல், வேலையை விடுதல், வீட்டையோ நிலத்தையோ விற்றல், எவரோ சொன்ன சிகிச்சையை நாடி ஓடுதல் ஆகியவை அத்தகையன. செய்தியைக் கேட்ட முதல் மணி நேரத்தில் மனம் பாதியையே உள்வாங்கும். எனவே உடன் வருபவர் ஒருவர் மருத்துவர் சொல்வதை எழுதிக்கொள்ளட்டும். வீடு திரும்பி அமைதியாகப் படித்து, எழும் ஐயங்களை அடுத்த சந்திப்பில் கேட்கட்டும்.

நோயாளியிடம் ஒன்றும் சொல்லாமல் குடும்பத்தாரே அனைத்தையும் கேட்டு, அனைத்தையும் முடிவு செய்யும் வழக்கம் நம்மிடையே உண்டு. அன்பினால் செய்வதுதான். எனினும் உடல் அவருடையது. எவ்வளவு அறிய விரும்புகிறார் என்பதை அவரிடமே மெல்லக் கேட்டுத் தெரிந்துகொள்ளுதல் அவருக்குச் செய்யும் மரியாதை. சிலர் எல்லாவற்றையும் அறிய விரும்புவர்; சிலர் மகனிடமோ மகளிடமோ சொல்லுங்கள் என்பர். இரண்டும் அவர் எடுக்கும் முடிவாக இருக்கட்டும்.

‘டெஸ்ட் பைலட்’ கதையின் இறுதியில் ஒரு வேடிக்கை நிகழ்கிறது. ஏவுகணையைத் தாங்கிய அந்த மேலங்கி, சலவை இயந்திரத்தில் இட்டபோது கிழிந்து போகிறது. பெரிய இடர்களை எதிர்பார்த்தவர்கள் துவைப்பதைப் பற்றி எண்ணவில்லை. மருத்துவமனையிலும் பாதுகாப்பு இத்தகைய சிறு செயல்களைப் பொறுத்தே அமைகிறது. செவிலியர் ஒவ்வொரு முறையும் பெயரைக் கேட்கும்போது சலிப்படையாமல் முழுப்பெயரைச் சொல்லுங்கள். கைப்பட்டையில் உள்ள பெயரையும் எண்ணையும் நீங்களும் ஒருமுறை பாருங்கள். ஒவ்வாத மருந்துகளின் பட்டியலையும் பழைய அறிக்கைகளையும் ஒரே கோப்பில் வைத்து, வரும்போதெல்லாம் எடுத்து வாருங்கள்.