பத்து நாள் பாரம்

வரும் டிசம்பரில் எங்கள் சபையின் வாலிபர் ஐக்கியத்திலிருந்து 12 பேர் குஜராத்தின் டாங்ஸ் மாவட்டத்துக்கு 10 நாள் 'மிஷன் ட்ரிப்' போகிறார்கள். எல்லாரும் என் சிநேகிதர்கள், அல்லது சிநேகிதர்களின் தம்பி தங்கைகள். நான் சூரத்தில் 7 வருஷம் வேலை பார்த்தவன். குஜராத்தி பேசுவேன், அந்த மலைப்பக்கம் நாலைந்து தடவை போய் வந்திருக்கிறேன். அதனால் மொழிபெயர்ப்பாளனாக வரச் சொன்னார்கள். மூன்று தயாரிப்புக் கூட்டங்களுக்குப் போனேன். நாலாவதுக்குப் போகவில்லை. ஏன் என்று ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் எழுதியே விடுகிறேன்.

முதல் கூட்டத்தில் டி-ஷர்ட். நிறம் என்ன, முதுகில் எந்த வசனம், சபையின் பெயர் நெஞ்சிலா கையிலா. முக்கால் மணி நேரம். இரண்டாம் கூட்டத்தில் பாட்டும் மைமும். கறுப்புச் சட்டை, வெள்ளைக் கையுறை, முகத்தில் வெள்ளைப் பூச்சு என்று நம் சபைகளில் எல்லா விழாவுக்கும் போடுகிற அதே மைம்தான். கதை, செல்போனுக்கு அடிமையான ஒரு கல்லூரி மாணவனின் மனந்திரும்புதல். பல இடங்களில் சிக்னலே சரியாக எட்டாத ஊர்களுக்கு இதைக் கொண்டு போகிறோம். மூன்றாம் கூட்டம் சாப்பாடு. அரிசி எவ்வளவு, பருப்புப்பொடி யார் வீட்டில், ஊறுகாய் யார் வீட்டில், முறுக்கு ரெண்டு டின் போதுமா. "அங்க சாப்பாடு நமக்கு ஒத்துக்காதுலே" என்றான் ஒருத்தன். அங்கே என்ன சாப்பிடுகிறார்கள் என்று அவனைக் கேட்டேன். தெரியவில்லை. கேழ்வரகுதான். நாக்ளி என்பார்கள், அதில் கனமாக ரொட்டி தட்டுவார்கள். அவனுடைய ஆச்சி கேப்பைக்களி தின்று வளர்ந்தவள். பேரனுக்கு ஒத்துக்காதாம்.

லூக்கா சுவிசேஷம் 10ஆம் அதிகாரத்தில் இயேசு 70 பேரை இரண்டிரண்டு பேராக அனுப்புகிறார். பையும் பாதரட்சையும் எடுக்க வேண்டாம், ஒரே வீட்டில் தங்குங்கள், வைக்கிறதைத் தின்னுங்கள் என்று சொல்லித்தான் அனுப்புகிறார். அந்தப் பகுதியைத்தான் முதல் கூட்டத்தின் தியானத்தில் வாசித்தோம். வாசித்து முடித்த கையோடு டி-ஷர்ட்டுக்குப் போனோம்.

இதெல்லாம் சிரிப்புக்குரிய விஷயங்கள். இளவயசுக் கூட்டம் எங்கே போனாலும் இப்படித்தான், டூர் என்றாலும் கல்யாணம் என்றாலும். என் சண்டை இதனோடு இல்லை. மூன்று கூட்டத்திலும் சேர்த்து ஆறு ஏழு மணி நேரம் பேசியிருப்போம். அதில் அந்த ஊரைப் பற்றி, அங்கே வாழ்கிற மனுஷரைப் பற்றி, ஒரு கேள்வி எழவில்லை. ஒன்றுகூட. அதுதான் என்னைக் கோபப்படுத்தியது.

மொழியை எடுத்துக்கொள்வோம். மூன்று வாரமாக நம் பிள்ளைகள் ஹிந்திப் பாட்டு ஒன்றைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்து மனப்பாடம் செய்கிறார்கள், கை அசைவுகளோடு. இதே பிள்ளைகள்தான் ஹிந்தித் திணிப்பு மீம் வந்தால் முதலில் ஸ்டேட்டஸ் போடுகிறவர்கள். போகட்டும். டாங்ஸ் ஆதிவாசிகள் வீட்டில் பேசுவது குங்கணா, வார்லி, பீலி. குஜராத்தி அவர்களுக்குப் பள்ளிக்கூட மொழி, அரசாங்க மொழி. ஹிந்தி அதற்கும் அப்பால். இப்படி மூன்றாவது வீட்டு மொழியில் போய் 'உன்னை நேசிக்கிறோம்' என்று பாடப்போகிறோம்.

அடுத்தது நாள்காட்டி. ஏன் டிசம்பர்? கம்பெனிகள் கடைசி வாரம் லீவு கொடுக்கும், கல்லூரிக்கு விடுமுறை, வெயில் இருக்காது. மூன்றும் நம்முடைய காரணங்கள். டாங்ஸில் மழை முடிந்து நாக்ளியும் நெல்லும் அறுத்து, தீபாவளி கழிந்ததும் ஊர் காலியாகத் தொடங்கும். கணவனும் மனைவியுமாக, கைக்குழந்தையோடு, சட்டி பானையோடு லாரி ஏறி பர்டோலிப் பக்கத்துச் சமவெளிக்குக் கரும்பு வெட்டப் போவார்கள். போகுமுன்பே முக்காதமிடம் முன்பணம் வாங்கியாகிவிட்டது. முக்காதம் என்றால் ஆள் பிடிக்கிற மேஸ்திரி. அந்தக் கடன் தீரும்வரை, கோடை வரும்வரை, வயலோரத்துக் கூடாரம்தான் வீடு. குஜராத்தின் சர்க்கரை ஆலைகளுக்குக் கரும்பு போய்ச் சேர்வதே இந்தக் கைகளால்தான். நாம் கையுறை மாட்டி மைம் போடப் போகிற நேரத்தில், பல ஊர்களில் கிழவிகளும் கிழவர்களும், படிப்புக்காக விட்டுவிட்டுப் போன சில பிள்ளைகளும்தான் இருப்பார்கள்.

இதை நான் யூகமாகச் சொல்லவில்லை. அங்கே 19 வருஷமாக ஊழியம் செய்கிற மிஷனரி அண்ணனுக்குப் போன் போட்டேன். நம் தேரிக்காட்டுப் பக்கத்துக்காரர். எங்கள் சபைதான் அவரை மாதா மாதம் தாங்குகிறது.

"வாங்க தம்பி, தாராளமா வாங்க. எத்தன பேரு?"

"பன்னெண்டு பேருண்ணே."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "சரி சரி. பொம்பளப் பிள்ளைகள நம்ம வீட்ல படுக்க வச்சிக்கிடலாம். பையன்மாருக்கு ஜெபவீடு இருக்கு" என்றார்.

"அண்ணே, டிசம்பர்ல ஊர்ல ஆள் இருப்பாங்களா?"

"கொஞ்சம் கம்மியாத்தான் இருக்கும் தம்பி. பண்டிகைக்கு ஒருநா ரெண்டுநா சிலபேர் வந்துட்டுப் போவாங்க. மே மாசம்னா எல்லாரும் இருப்பாங்க. ஆனா ஐயா டிசம்பர்னு சொல்லிட்டாங்கல்லா."

அந்த 'சொல்லிட்டாங்கல்லா' எனக்குப் போதும். அவரால் வேண்டாம் என்று சொல்ல முடியாது. நாம் மாதம் 6,000 ரூபாய் அனுப்புகிறோம். பணம் அனுப்புகிறவன் விருந்துக்கு வருகிறேன் என்றால் வீட்டுக்காரன் என்ன சொல்வான்? அவருடைய மனைவி 12 பேருக்குத் தண்ணீர் சுமப்பார், சமைப்பார். அவர் தன் ஊழியத்தை 10 நாள் நிறுத்திவிட்டு நமக்கு ஜீப் பிடிப்பார், மொழிபெயர்ப்பார், யாருக்காவது வயிறு சரியில்லை என்றால் ஆஹ்வா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார், கடைசி நாள் சாபுதாரா மலையைச் சுற்றிக்காட்டுவார். ஆமாம், அதுவும் பட்டியலில் இருக்கிறது. ஆளுக்கு 11,000 ரூபாய் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். மொத்தம் 1,32,000. இது அந்த அண்ணனுக்கு நாம் அனுப்பும் 22 மாத ஆதரவு. அவர் இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிற பழைய பைக்குக்கு இன்னும் 'ஜெபித்துக்கொண்டிருக்கிறோம்'.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. மூன்றாவது கூட்டத்தில் அதை நான் எடுத்தபோது 'விசுவாசக் குறைவு' என்று சொல்லி மூடிவிட்டார்கள். 1998 கிறிஸ்துமஸ் சமயத்தில் இந்தியா முழுக்கப் பேசப்பட்ட பெயர் டாங்ஸ். டிசம்பர் 25 அன்று ஆஹ்வாவில் ஊர்வலம் நடந்தது. அதைத் தொடர்ந்து ஆலயங்களும் ஜெபவீடுகளும் கொளுத்தப்பட்டன, இடிக்கப்பட்டன. அடுத்த மாதம் அங்கே வந்த பிரதமர் வாஜ்பாய் மதமாற்றம் பற்றி தேசிய விவாதம் வேண்டும் என்றார். அதே ஜனவரியில்தான் ஒரிசாவில் கிரஹாம் ஸ்டெயின்ஸும் அவருடைய இரண்டு மகன்களும் எரித்துக் கொல்லப்பட்டார்கள். 2003இல் குஜராத்தில் மதச் சுதந்திரச் சட்டம் வந்தது. மதம் மாற்றுகிறவர் மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி வாங்க வேண்டும். பணமோ பொருளோ கொடுத்து மாற்றினால் குற்றம். 2021இல் அதை இன்னும் இறுக்கினார்கள். இந்தச் சட்டத்தோடு எனக்குக் கடுமையான கருத்து வேறுபாடு உண்டு. அது தனிக் கட்டுரை. ஆனால் சட்டம் அங்கே இருக்கிறது, அதை வைத்து யார்மேல் வேண்டுமானாலும் புகார் கொடுக்க முடியும்.

நம் பட்டியலில் என்ன இருக்கிறது? 200 பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம், பென்சில் பாக்ஸ், பழைய துணி மூட்டை நாலு. 24ஆம் தேதி ராத்திரி ஜீப்பில் ஒலிபெருக்கி கட்டி கேரல் ரவுண்ட்ஸ். எல்லாவற்றையும் வீடியோ எடுத்து அன்றைக்கே போடுவதற்கு ஒரு பையன். அந்த வீடியோவை நம் சபைக்காரர்கள் மட்டும்தான் பார்ப்பார்களா? பிள்ளைக்குப் பென்சில் பாக்ஸ் கொடுக்கும் படத்தை வெட்டியெடுத்து வேறு தலைப்புப் போட எவ்வளவு நேரமாகும்? புகார் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகும்போது நாம் நவஜீவன் எக்ஸ்பிரஸில் சென்னை நோக்கி வந்துகொண்டிருப்போம். விசாரணைக்குப் போய் நிற்கப்போவது அந்த அண்ணனும், ஜெபவீட்டுக்கு இடம் கொடுத்த ஆதிவாசிக் குடும்பமும். நம் விசுவாசத்துக்கு அவர்கள் ஜாமீன் எடுக்க வேண்டும்.

"அப்போ போகவே கூடாதுங்கியா? போனாத்தான பாரம் வரும்? போய்ப் பார்த்துட்டு வந்து எத்தன பேரு முழுநேர ஊழியத்துக்குப் போயிருக்காங்க தெரியுமா?" என் நெருங்கிய சிநேகிதன் கேட்டது. நியாயமான கேள்வி. அப்படிப் போனவர்களை எனக்கும் தெரியும். ஆனால் அவன் சொன்னதையே இன்னொரு தடவை கவனியுங்கள். பாரம் வருவது நமக்கு, தரிசனம் கிடைப்பது நமக்கு, சாட்சி சொல்லப்போவதும் அடுத்த ஞாயிறு நாம்தான். பயணத்தின் பலன் முழுக்கப் போகிறவனுக்கு. அப்படியென்றால் அதற்கு யாத்திரை என்று பெயர் வையுங்கள். வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர், தான் அந்த ஊருக்கு ஊழியம் செய்யப்போவதாகச் சொல்லிக்கொள்வதில்லை. அவருக்குத் தெரியும், போவது தனக்காக என்று.

இந்தக் குறுகிய காலப் பயணம் நம் மரபும் இல்லை. 1957 கோடை விடுமுறையில் ஜார்ஜ் வெர்வர் என்ற அமெரிக்கக் கல்லூரி மாணவர் இரண்டு நண்பர்களோடு மெக்சிகோ போனார். அதிலிருந்து வளர்ந்ததுதான் ஓ.எம். இயக்கம். 1960இல் லாரன் கன்னிங்ஹாம் ஒய்-வாம் ஆரம்பித்தார். கோடை விடுமுறையும் கையில் காசும் உள்ள இளைஞர்களுக்காக உருவான வடிவம் அது. அவர்களிலும் வாழ்நாளெல்லாம் கொடுத்தவர்கள் உண்டு, மறுக்கவில்லை. நம்மிடம் வந்து சேர்ந்தது லீவும் டி-ஷர்ட்டும்தான்.

நமக்குத் தெரிந்த ஆட்கள் வேறு மாதிரி. சீகன்பால்க் 1706இல் தரங்கம்பாடியில் இறங்கி, திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதினார். ஏமி கார்மைக்கேல் 1895இல் இந்தியா வந்தவர், 1951இல் டோனாவூரில் மண்ணுக்குள் போகிறவரை ஊர் திரும்பவில்லை. வெள்ளைக்காரர்களை விடுங்கள். வெள்ளாளன்விளைக்காரர் அசரியா 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியபோது கொள்கையே இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பதுதான். ஆளை அனுப்பிவிட்டு அறிக்கை வாசித்துக்கொண்டிருக்கவில்லை. 1909இல் தானே தோர்ணக்கல்லுக்குக் குடிபோனார், தெலுங்கு படித்தார். அடுத்த வருஷம் எடின்பரோ மாநாட்டில் மேல்நாட்டு மிஷனரிகளின் முகத்துக்கு நேராக ஒன்று சொன்னார். நீங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உடம்பையும் கொடுத்தீர்கள், எங்களுக்கு வேண்டியது சிநேகிதர்கள் என்ற பொருளில். கொடுக்கிறவன் மேலே, வாங்குகிறவன் கீழே என்கிற உறவில் அன்பு எப்படிச் செத்துப்போகும் என்று கீழே இருந்து பார்த்தவர் அவர். 100 வருஷத்துக்குமேல் ஆகிவிட்டது. இப்போது குஜராத்திலும் ஜார்க்கண்டிலும் மேலே இருக்கிறவன் திருநெல்வேலிக்காரன். அன்றைக்கு அவர் துரைமாரிடம் சொன்னதை இன்றைக்கு டாங்ஸிலிருந்து யாராவது நமக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்லமாட்டார்கள், மாதம் 6,000 ரூபாய் இருக்கிறதே.

சரி, என்னதான் செய்யச் சொல்கிறாய் என்றால், சொல்லியிருக்கிறேன், எழுதியும் கொடுத்திருக்கிறேன். 12 பேர் வேண்டாம், மூன்று பேர் போதும். மே மாதம் போங்கள். வெயில்தான், செத்துவிடமாட்டீர்கள். டிசம்பர்தான் முடியும் என்றால் மலைக்குப் போகவேண்டாம். அந்த அண்ணனையே கூட்டிக்கொண்டு பர்டோலிப் பக்கம் கூடாரங்களுக்குப் போங்கள், அவருடைய சபைக்காரர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். மைம் இல்லாமல், கேமரா இல்லாமல், அவர்கள் வேலை முடிந்து வருகிற நேரத்துக்குக் காத்திருந்து, அவர்கள் தட்டுகிற ரொட்டியைத் தின்றுவிட்டு வாங்க. அடுத்த வருஷமும் அதே மூன்று பேர், அதே வீடு. மிச்சப் பணத்தில் அண்ணனுக்கு பைக். நோட்டும் பென்சிலும் வேண்டுமா என்று அவரைக் கேளுங்கள், வேண்டாம் என்று சொல்ல அவருக்கு இடம் விட்டுக் கேளுங்கள்.

குஜராத்தி சொல்லித்தர நான் தயார். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பாரிஷ் ஹாலில் ஒரு மணி நேரம், அடுத்த மே வரைக்கும். குங்கணா எனக்கும் தெரியாது, அதை அங்கே போய்த்தான் படிக்க வேண்டும். எழுத்துப்பலகை வாங்கி வைத்திருக்கிறேன். போன வாரம் ரெண்டு பேர் வந்தார்கள், க-வும் ஞ-வும் எழுதினார்கள். ஒருத்தி மைம் டீமில் இருக்கிறவள். ரிகர்சலுக்கு நேரமாகிவிட்டது என்று பாதியில் போனாள், அடுத்த வாரமும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.