பத்தாம் வகுப்பு தேறியவனுக்குப் பாதுகாப்பு வேண்டாமா?

பிழைப்புத் தேடி ஊரை விட்டு வந்தவர்கள் நாம். நம் பாட்டன்மார் தாராவியில் தோல் பதனிடும் தொட்டிகளில் நின்றார்கள். நம் தந்தையர் ஆலையிலும் துறைமுகத்திலும் முதுகு ஒடிந்தார்கள். நம் தாய்மார் இட்லி அவித்து விற்றும், பிறர் வீட்டில் பாத்திரம் தேய்த்தும் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். அந்தப் பிள்ளைகள் இன்று பட்டம் பெற்று, கம்ப்யூட்டர் கற்று, கடல் கடந்து போகத் துடிக்கிறார்கள்.

போகட்டும். ஊர் விட்டு ஊர் வந்து வாழ்ந்த நாம், பிள்ளைகளைப் பார்த்துப் ‘போகாதே’ என்று சொல்ல முடியாது; சொல்லவும் கூடாது. நாம் கேட்பது ஒன்றே ஒன்றுதான். அவர்கள் உழைப்பாளியாகப் போகிறார்களா, அல்லது விற்கப்பட்ட சரக்காகப் போகிறார்களா?

நடந்தது என்ன?

2022ஆம் ஆண்டு செப்டம்பரில் இந்திய வெளியுறவு அமைச்சகம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. தாய்லாந்தில் ‘டிஜிட்டல் விற்பனை அதிகாரி’ வேலை, நல்ல சம்பளம் என்று ஆசை காட்டி, கம்ப்யூட்டர் தெரிந்த இளைஞர்களை அழைத்துப் போய், எல்லை தாண்டி மியான்மருக்குக் கடத்திச் சிறை வைக்கிறார்கள் என்பதே அந்த எச்சரிக்கை. அடுத்த மாதமே மீட்கப்பட்ட இந்தியர்களில் 13 தமிழர்கள் சென்னை வந்து சேர்ந்தார்கள்.

அங்கே அவர்களுக்குக் கொடுத்த வேலை என்ன? பெண் பெயரில் பொய்க் கணக்குத் தொடங்கி, முகம் தெரியாத மனிதரிடம் அன்பாகப் பேசி, அவருடைய சேமிப்பை எல்லாம் போலி முதலீட்டில் போட வைத்துப் பறிக்கும் வேலை! மறுத்தால் அடி, பட்டினி, மின்சார அதிர்ச்சி. வெளியே போக வேண்டுமானால் பல லட்சம் கட்டு என்கிறார்கள். கட்ட முடியாதவனை அடுத்த கம்பெனிக்கு விற்றுவிடுகிறார்கள்.

இது ஏதோ பத்துப் பேருக்கு நேர்ந்த விபத்து அல்ல. 2023 ஆகஸ்டில் ஐக்கிய நாடுகளின் மனித உரிமை அலுவலகம் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும், கம்போடியாவில் சுமார் 1,00,000 பேரும் இப்படிப்பட்ட இடங்களில் கட்டாயமாக வேலை வாங்கப்பட்டு வந்தார்கள். 2025 மார்ச்சில் தாய்லாந்தின் மே சோட் நகரத்திலிருந்து இந்திய விமானப்படை விமானங்கள் இரண்டே நாளில் 549 இந்தியரை ஏற்றிக்கொண்டு வந்தன.

மாணவர்கள் மட்டும் தப்பினார்களா? 2024 மார்ச்சில் மத்தியப் புலனாய்வுத் துறையான சி.பி.ஐ. ஒரு வழக்கைப் பதிவு செய்து, மும்பை, சென்னை உட்படப் பல நகரங்களில் சோதனை நடத்தியது. ரஷ்யாவில் பாதுகாவலர் வேலை, உதவியாளர் வேலை என்று சொல்லி அழைத்துப் போன இளைஞர்களைப் போர்முனைக்கு அனுப்பினார்கள் என்பது குற்றச்சாட்டு. குறைந்த கட்டணத்தில் கல்லூரி இடம் என்று காட்டி மாணவர்களையும் ஏமாற்றினார்கள் என்று அதே வழக்கில் சொல்லப்பட்டது. ரஷ்யப் படையில் சேர்க்கப்பட்ட இந்தியரில் 12 பேர் மாண்டார்கள் என்று 2025 ஜனவரியில் அரசே அறிவித்தது. வேலைக்குப் போனவனும் படிக்கப் போனவனும் ஒரே துப்பாக்கியின் முன்னால் நின்றார்கள்!

பயிற்சி யாருக்கு?

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று நாம் சொல்லவில்லை. 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வோர் சட்டம் ஒரு வேலியைப் போட்டது. ஆள் எடுக்கும் ஏஜெண்டு பதிவு செய்துகொள்ள வேண்டும். தொழிலாளியிடம் 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும் தவிர அதிகம் வாங்கக் கூடாது என்று அதன் விதிகள் சொல்லின. பத்தாம் வகுப்பு தேறாதவர் 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக வேண்டுமானால் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி பெற வேண்டும் என்ற ஏற்பாடு வந்தது. அவர்களுக்குக் காப்பீடு கட்டாயமானது. 2018 முதல், புறப்படும் முன் ஒரு நாள் பயிற்சியும் வந்தது.

நல்லதுதான். ஆனால் இந்த வேலி யாரைச் சுற்றிப் போடப்பட்டது? எழுதப் படிக்கத் திண்டாடும் கொத்தனாரையும், வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணையும் சுற்றி. படித்தவன் தன்னைத் தானே காத்துக்கொள்வான் என்ற நினைப்பில் போட்ட வேலி அது. பத்தாம் வகுப்பு தேறியவனின் பாஸ்போர்ட்டுக்கு அனுமதி தேவையில்லை. ஆகவே அவனுக்குப் பயிற்சியும் இல்லை. கம்போடியா, லாவோஸ், மியான்மர் ஆகிய மூன்றும் அந்த 18 நாடுகளின் பட்டியலிலேயே இல்லை. சுற்றுலா விசாவில் போகிறவனை யாரும் கேட்பதில்லை. மாணவனோ அந்தச் சட்டத்துக்குள்ளேயே வரவில்லை. அவனை அனுப்பும் கல்வி ஏஜெண்டு அதன்படி பதிவு செய்ய வேண்டியதும் இல்லை.

கடத்தல்காரன் இதை நன்றாகப் படித்து வைத்திருக்கிறான். அவனுக்கு இன்று வேண்டியது கடப்பாறை தூக்கும் கை அல்ல. ஆங்கிலம் தட்டச்சு செய்யும் விரல். வேலி எங்கே இல்லையோ அங்கே புகுந்துதான் அவன் மேய்கிறான்.

மும்பையின் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் எங்கே இருக்கிறது என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? 2017இல் பாந்த்ரா-குர்லா வளாகத்தில் திறக்கப்பட்ட விதேஷ் பவன் கட்டடத்துக்கு அது இடம் மாறியது. தாராவியிலிருந்து மித்தி ஆற்றைத் தாண்டினால் போதும். ஆனால் நம் பட்டதாரிப் பிள்ளைக்கு அந்த வாசலை மிதிக்க வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் அலுவலகம். இந்தப் பக்கம் ஏஜெண்டு. ஏஜெண்டுதான் வீடு தேடி வருகிறான்.

கடன் என்ற பழைய கயிறு

இது நமக்குப் புதிதும் அல்ல. இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் பிடித்த கங்காணி யார்? நம் ஊரான், நம் உறவினன். வழிச்செலவுக்கு முன்பணம் கொடுத்தான், அது கடனாயிற்று. அந்தக் கடனை எழுதிய ‘துண்டு’ ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குக் கைமாறியது. கடனோடு ஆளும் கைமாறினான். அந்தத் துண்டு முறை 1921இல் ஒழிந்தது. ஆனால் இன்று மியாவடியில் ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனிக்கு நம் பிள்ளையை விற்கும்போது காட்டுகிற கணக்கு என்ன? விமானக் கட்டணம், சாப்பாடு, தங்குமிடம் என்று அவன் தலையில் ஏற்றிய கடன்தான்.

கங்காணி இன்று கைப்பேசியில் வருகிறான். நம் சாலில் குடியிருப்பவனின் மைத்துனனாகவோ, மகனோடு கல்லூரியில் படித்தவனாகவோ வருகிறான். ‘நான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன் அண்ணே’ என்கிறான். ஆளுக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்குவதை மட்டும் சொல்வதில்லை.

பயிற்சி என்றால் எது?

மேடை போட்டு, மாலை மரியாதை செய்து, ‘விழிப்பாக இருங்கள்’ என்று பேசிவிட்டுக் கலைவது பயிற்சி அல்ல. நீச்சல் கற்பிப்பவன் தண்ணீரில் இறக்கித்தான் கற்பிக்கிறான். நம் பயிற்சியும் அப்படி இருக்க வேண்டும். உண்மையான வேலைக் கடிதத்தையும் போலிக் கடிதத்தையும் பிள்ளையின் கையில் கொடுத்து, வேறுபாட்டைக் கண்டுபிடிக்கச் சொல்ல வேண்டும். கீழே உள்ளவற்றை வாயால் சொல்லிப் பழக்க வேண்டும்.

முதலாவது, விசா. வேலைக்கு வேலை விசா. ‘சுற்றுலா விசாவில் போ, அங்கே மாற்றிக்கொள்ளலாம்’ என்று சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துவிட வேண்டும்.

இரண்டாவது, ஏஜெண்டு. அவன் பதிவு பெற்றவனா என்று அரசின் ‘இ-மைக்ரேட்’ இணையதளத்தில் பார்க்கலாம். பதிவு எண் கேட்டால் கோபித்துக்கொள்பவன் நமக்கு வேண்டாம்.

மூன்றாவது, வழி. வேலை பாங்காக்கில் என்றான். இறங்கியதும் காரில் ஏற்றி மேற்கே ஓட்டிக்கொண்டே போகிறான். மே சோட் அங்கிருந்து சுமார் 500 கிலோமீட்டர். அதைத் தாண்டினால் மோய் ஆறு. ஆற்றுக்கு அக்கரை மியான்மரின் மியாவடி. ஆற்றைக் கடக்கும் முன் சத்தம் போட்டால் தாய்லாந்துப் போலீசு உண்டு. கடந்த பின் ஆயுதக் குழுக்களின் ராச்சியம். இந்த வரைபடத்தை ஒவ்வொரு பிள்ளையும் ஒரு முறையாவது கண்ணால் பார்த்திருக்க வேண்டும்.

நான்காவது, பாஸ்போர்ட். 1967ஆம் ஆண்டின் பாஸ்போர்ட் சட்டப்படி அது இந்திய அரசின் சொத்து. அதைப் பிடுங்கி வைக்க எந்த முதலாளிக்கும் உரிமை இல்லை. நகல் ஒன்று வீட்டில் இருக்க வேண்டும். விசா, டிக்கெட், கடிதம் எல்லாவற்றின் நகலும் இருக்க வேண்டும்.

ஐந்தாவது, வீட்டோடு ஒரு குறிச்சொல். பக்கத்தில் ஆள் நிற்கும்போது ‘நன்றாக இருக்கிறேன்’ என்றுதான் பிள்ளை பேச முடியும். ‘பெரியம்மாவுக்கு முட்டுவலி எப்படி?’ என்று கேட்டால் ஆபத்து என்று பொருள் என முன்பே பேசி வைத்திருந்தால், அன்றைக்கே தூதரகத்தை உசுப்பலாம். அரசின் உதவி மையத்தின் கட்டணமில்லா எண் 1800 11 3090. அதைத் தாய்மார் அடுக்களைச் சுவரில் எழுதி வைக்க வேண்டும்.

ஆகவே பயிற்சி, போகிறவனுக்கு மட்டும் அல்ல. நகையை அடகு வைத்து அனுப்புகிற அம்மாவுக்கும் சேர்த்துத்தான். பணம் கொடுக்கும் கை தயங்கினால் பாதிக் கடத்தல் அங்கேயே நின்றுவிடும்.

பழி யார் மேல்?

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பயிற்சி கொடுத்துவிட்டோம், இனிமேல் ஏமாந்தால் உன் குற்றம் என்று அரசு கை கழுவ நாம் இடம் தரக் கூடாது. திரும்பி வரும் பிள்ளையைச் சிலர் ‘பேராசைக்காரன்’ என்கிறார்கள். சிலர் ‘மோசடிக்காரன்’ என்கிறார்கள். பட்டம் வாங்கியும் சொந்த ஊரில் நல்ல கூலிக்கு வேலை இல்லாதவன் நல்ல சம்பளத்துக்கு ஆசைப்பட்டால் அது பேராசையா? அடித்து வாங்கிய வேலைக்கு அவன் எப்படிக் குற்றவாளி ஆவான்? ஏமாற்றிப் பெற்ற சம்மதத்தைச் சட்டம் சம்மதமாக ஏற்பதில்லை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 143ஆம் பிரிவு, கடத்தப்பட்டவரின் சம்மதம் கணக்கில் வராது என்று தெளிவாகச் சொல்கிறது. ஒருவருக்கு மேல் கடத்தியவனுக்கு 10 ஆண்டுக்குக் குறையாத, ஆயுள் வரை நீளக்கூடிய தண்டனை விதிக்கிறது. அந்தப் பிரிவு ஏஜெண்டின் மேல் பாய வேண்டும். திரும்பி வந்தவனின் மேல் சந்தேகம் பாயக் கூடாது.

நாம் கேட்பவை

2025 அக்டோபரில் வெளியுறவு அமைச்சகம் 1983ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக ஒரு மசோதாவின் வரைவை வெளியிட்டது. எந்தப் பெயரில் சட்டம் வந்தாலும் நம் கோரிக்கைகள் இவை.

புறப்படும் முன் பயிற்சி, பத்தாம் வகுப்பு தேறியவருக்கும் மாணவருக்கும் கிடைக்க வேண்டும். அது தமிழ், இந்தி, மராத்தி உள்ளிட்ட மொழிகளில், கல்லூரியிலும் குடியிருப்பிலும் மாலை நேரத்தில் நடக்க வேண்டும். கல்வி ஏஜெண்டும் பதிவு செய்து பொறுப்பேற்க வேண்டும். மீண்டு வந்தவர்களுக்குக் கடன் நிவாரணமும் வேலையும் தர வேண்டும். விரும்புகிறவர்களைச் சம்பளம் கொடுத்துப் பயிற்சியாளராக வைக்க வேண்டும். அவர்களை விடச் சிறந்த ஆசிரியர் யார்?

தமிழக அரசு 1978இலேயே அயல்நாட்டு வேலைக்கென்று ஒரு நிறுவனம் தொடங்கியது. அந்த அனுபவம் மும்பை, பெங்களூர், டில்லித் தமிழருக்கும் எட்ட வேண்டும். ரேஷன் அட்டை மராட்டியத்தில் இருப்பதால் நாம் இரண்டு அரசுக்கும் வேண்டாதவர் ஆகிவிடக் கூடாது.

அரசு செய்யும் வரை நாம் கை கட்டி இருக்க வேண்டுமா? கூடாது. ஒவ்வொரு சங்கமும், ஒவ்வொரு மன்றமும் மாதத்தில் ஒரு ஞாயிறு மாலையை இதற்கு ஒதுக்கட்டும். வெளிநாட்டு வேலைக் கடிதம் வந்த வீட்டார், பணம் கட்டும் முன் அதைச் சங்கத்துக்குக் கொண்டு வரட்டும். நான்கு பேர் படித்துப் பார்ப்போம். சந்தேகம் இருந்தால் ஆற்றைத் தாண்டிப் போய் அந்த அலுவலகத்தில் கேட்போம். நல்ல வேலை என்றால் வாழ்த்தி வழியனுப்புவோம்.

நம்மை இந்த நகரத்துக்கு அழைத்து வந்தது பசி. நம் பிள்ளைகளை அயல்நாட்டுக்கு அழைப்பது நம்பிக்கை. அந்த நம்பிக்கையைத் தரகன் விலை பேசவிடாமல் காப்பது நம் எல்லோருடைய வேலை. வரும் ஞாயிறே தொடங்குவோம்.