காலின் கீழுள்ள கல்

சென்ற பங்குனி மாதத்து மாலையொன்றில், காரைநகர்க் கசூரினாக் கடற்கரையில் என்னோடு நடந்துவந்த உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன், “சேர், எங்கட ஊர் குமரிக்கண்டத்தின்ர மிச்சந்தானோ?” என்று கேட்டான். கைப்பேசியிற் கண்ட காணொளியொன்று அவனுக்கு அவ்வாறு சொல்லியிருந்தது. அவனை நகைக்க எனக்கு உரிமையில்லை. அவன் வயதில் நானும் அதையே நம்பினேன். இந்துமாக்கடலை மறைத்துப் பச்சை தீட்டிய தேசப்படமொன்றை என் கொப்பியில் வரைந்தும் வைத்திருந்தேன்.

அப்பெருநிலம் பிறந்த கதை சற்று வேடிக்கையானது. 1864இல் பிலிப் ஸ்கிளேற்றர் என்னும் ஆங்கில விலங்கியலாளர், மடகாசுகரிலும் இந்தியாவிலும் ஒத்த விலங்கினங்கள் காணப்படுவதற்குக் காரணம் தேடினார். இரு நிலங்களையும் இணைத்த கண்டமொன்று இருந்து மறைந்திருத்தல் வேண்டும் எனக் கருதி, லெமூர் என்னும் விலங்கின் பெயரால் அதற்கு லெமூரியா எனப் பெயரிட்டார். இறையனார் களவியலுரையும், சிலப்பதிகாரத்துக்கு அடியார்க்குநல்லார் வகுத்த உரையும் கடல்கொண்ட தென்னாட்டைப் பேசுவதைக் கண்ட நம்மவர், பின்னாளில் இரண்டையும் ஒன்றாக்கினர். விலங்கியலாளரின் ஊகத்துக்கு நம் உரையாசிரியர் சான்றாயினர். உரையாசிரியர் கூற்றுக்கு விலங்கியலாளர் சான்றாயினார். வழக்காடு மன்றத்தில் இத்தகைய சாட்சியம் செல்லுபடியாகாது.

கண்டங்கள் கடலுள் அமிழ்ந்து மறைவனவல்ல, அவை நகர்வன. 1912இல் செருமானியரான அல்பிரட் வெகனர் இதனை எடுத்துரைத்தபோது, நகர்த்தும் விசை எதுவென்ற வினாவுக்கு அவரிடம் தக்க விடை இருக்கவில்லை. அறிஞர் பலர் அவரை எள்ளினர். அவ்விடையின் ஒரு நுனி இலங்கை மண்ணிலேயே கிடந்தது என்பதை நம் இலக்கியக் கூட்டங்களில் எவரும் கூற நான் கேட்டதில்லை.

ஆனந்த குமாரசுவாமியை நடராசர் திருவுருவத்தின் பொருளை உலகுக்கு உணர்த்தியவராக நாம் அறிவோம். அவர் முதலில் நிலநூலார். 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுக்குத் தலைமை தாங்கியவர். 1904இல் அவர் கண்டறிந்த தோரியனைற்று என்னும் கரிய கனியம் கதிர்வீசும் இயல்பினது. 1907இல் அமெரிக்கரான போல்ற்வுட் என்பார், யுரேனியம் ஈயமாக மாறும் அளவைக்கொண்டு கனியங்களின் வயதைக் கணித்தபோது, அவரது பட்டியலில் யாவற்றினும் மூத்ததாக நின்றது இவ்விலங்கைக் கனியமே. அவர் அதற்கு இட்ட 220 கோடி ஆண்டு என்ற எண் பின்னர் திருத்தப்பட்டது, முறை நிலைத்தது. அம்முறையை வளர்த்தெடுத்த ஆதர் ஹோம்சு, 1920களின் இறுதியில் மேலும் ஒரு படி சென்றார். யுரேனியமும் தோரியமும் சிதைவதால் எழும் வெப்பம் புவியின் உட்பகுதியை மெல்லச் சுழலச் செய்கிறது. அச்சுழற்சியே கண்டங்களைச் சுமந்து செல்கிறது என்றார். கடலடியை ஆராய்ந்த அறிஞர் 1960களிற் கண்ட சான்றுகள் கண்ட நகர்வை நிலைநாட்டின. வெகனரோ 1930இலேயே கிறீன்லாந்துப் பனிவெளியில் மாண்டுபோயிருந்தார்.

நாம் நிற்கும் புவியோடு, கண்டங்களின் கீழ் முப்பது நாற்பது கிலோமீற்றர் தடிப்பே உடையது. அதன் கீழ் ஏறத்தாழ 2,900 கிலோமீற்றர் ஆழம்வரை மென்மூடி. அதற்கும் கீழே இரும்பு மிகுந்த கோளவகம். மென்மூடி உருகிய குழம்பு என்று மாணவர் பலர் எழுதுகின்றனர், அது தவறு. மாரிகாலத்துப் பனங்கட்டி கட்டியாக இருந்தவாறே குட்டானுக்குள் வடிவிழந்து வழிவதுண்டே, அதுபோலத் திண்மமாக இருந்தே யுகக்கணக்கில் ஒழுகுவது அது.

அவ்வொழுக்கில் வந்தவர்களே நாமும். கொண்டுவானா என்னும் பெருங்கண்டத்தில் இலங்கை, மடகாசுகருக்கும் அந்தாட்டிக்காவுக்கும் அண்மையிற் கிடந்தது. அந்நாடுகளின் பாறைகளோடு மலைநாட்டுப் பாறைகள் இன்றும் உறவு காட்டுகின்றன. ஏறத்தாழ ஒன்பது கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாசுகரைப் பிரிந்து வடக்கே நகர்ந்த இந்தியத் தகடு, இன்றும் ஆண்டுக்கு ஏறக்குறைய ஐந்து சென்ரிமீற்றர் நகர்கிறது. அத்தகடு சுமாத்திராவின் ஓரத்தில் கீழே நுழையும் இடத்தில் நேர்ந்த முறிவே 2004 டிசெம்பர் 26இல் நம் கிழக்குக் கரையை வாரிக்கொண்டு போயிற்று.

காரைநகர் அம்மூத்த பாறையின் பிள்ளையன்று. யாழ்ப்பாணத்தையும் தீவுகளையும் தாங்கும் சுண்ணக்கல், ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன், ஆழமற்ற வெதுவெதுப்பான கடலில் சிப்பிகளும் முருகைகளும் பிற கடலுயிர்களின் ஓடுகளும் படிந்து இறுகியது. மாணவனுக்கு நான் கூறியது இதுதான்: இது கடல் கொண்ட நிலத்தின் மிச்சமன்று, கடல் தந்த நிலம். அவன் முகம் வாடிற்று. கடல் நிலத்தைக் கொள்ளவே இல்லை என்றும் நான் சொல்லவில்லை. இருபதினாயிரம் ஆண்டுகளுக்கு முன், பனியூழியின் உச்சத்தில், கடல்மட்டம் 120 மீற்றரளவு தாழ்ந்திருந்தது. பாக்குநீரிணை நடந்து கடக்கத்தக்க தரையாயிருந்தது. பின்னர் நீர் ஏறிற்று. அவ்வெள்ளத்தின் நினைவு உரைகளில் ஒட்டியிருத்தல் கூடுமா? நிறுவ இயலாது; மறுக்கவும் எனக்கு மனமில்லை.

நமக்கு இன்று அவசரமானது அப்பழங்கதையன்று, இந்தக் கல். வற்றா ஆறில்லாத இக்குடாநாட்டில் மழைநீர் சுண்ணக்கல்லின் வெடிப்புகளில் இறங்கி, உட்புகுந்த கடல்நீரின் மேல் வில்லைபோல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓரடி நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடி நிற்கும். கணக்கு எதிர்த்திசையிலும் அப்படியே: மேலே ஓரடியை இறைத்துக் குறைத்தால், உவர் கீழிருந்து நாற்பதடி ஏறத் தலைப்படும். புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது இதனாலேயே. துலாவால் இறைத்த காலத்தில் மனிதக் கை சோர்ந்தபோது கிணறும் இளைப்பாறியது. மின்பம்பிக்குச் சோர்வில்லை.

காங்கேசன்துறையில் 1950இல் தொடங்கி 1990இல் நின்றுபோன சீமெந்து ஆலைக்காக அகழ்ந்த குழிகள் இன்னும் வாய் பிளந்து கிடக்கின்றன. அண்மையாண்டுகளில் சுண்ணக்கல் அகழ்வு பற்றிய எதிர்ப்புக் குரல் மீண்டும் எழுந்துள்ளது. கல்லை மூலப்பொருளாக மட்டும் எண்ணுவோர், அது நம் நீர்த்தொட்டி என்பதை மறந்துவிடுகின்றனர். 2024 ஓகத்தில் தாளையடியில் நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. வரவேற்கத்தக்கதே. ஆயினும் மழை இலவசமாக நிரப்பும் தொட்டியைப் பாழாக்கிவிட்டு, மின்சாரம் செலவிட்டுக் கடலைப் பிழியும் நிலைக்கு நாம் வந்தது எனக்கு உவப்பாக இல்லை.

திரும்பி வருகையில் மாணவன், தன் வீட்டுக் கிணறு பாட்டியின் காலத்தில் நல்ல தண்ணீராயிருந்ததாம், இப்போது ஆடி பிறந்தால் சவர் என்றான். ஆழம் எவ்வளவு என்றேன், தெரியாது என்றான். கயிறும் கல்லும் எடுத்துக்கொண்டு வரும் சனிக்கிழமை அளப்பதாக இருவரும் பேசிக்கொண்டோம்.