வார்டில் போனை எடுக்கவிடுங்கள்

ஆக்ஸ்ஃபோர்டின் ஜான் ராட்கிளிஃப் மருத்துவமனையில் பேராசிரியர் டேவிட் சாக்கெட் ஒரு தள்ளுவண்டியை ஏற்பாடு செய்தார். அதில் மருந்துகள் இல்லை. மடிக்கணினி, ஆய்வுத் தொகுப்புகள் அடங்கிய குறுந்தகடுகள், புரொஜெக்டர். கட்டில் கட்டிலாகத் தள்ளிப்போக முடியாத பருமன் என்பதால், மருத்துவக் குழு கூடும் அறையிலேயே நின்றது. அதன் கணக்கு 1998-ல் வெளியானது. ஒரே மாதத்தில் 98 தேடல்கள். வண்டியை அகற்றிய பிறகு, ஆதாரம் தேவைப்பட்ட 41 தருணங்களில் 5 முறைதான் யாரோ போய்த் தேடினார்கள்.

கைக்கெட்டினால் தேடுவார்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுவார்கள். இன்று கைக்கெட்டாதது எது? மருத்துவ ஆய்வுகளைத் தேடித்தரும் பப்மெட் தளம் 1997 முதல் இலவசம். 2007-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) சந்தா கட்டி, ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் நூலகத்தை இந்தியர் எவரும் காசில்லாமல் படிக்க வழிசெய்தது. ஆனாலும் ரவுண்ட்ஸில் மாணவர் போனை எடுத்தால் சீஃப் முறைக்கிறார். வைவாவில் ஜெயிப்பது மனப்பாடம்தான்.

தேடத் தெரிந்தால் மட்டும் போதாது. கொரோனா மரணத்தை ஐவர்மெக்டின் பெருமளவு தடுக்கும் என்று எகிப்திலிருந்து ஓர் ஆய்வு இணையத்தில் வந்தது. பல தொகுப்பாய்வுகள் அதை நம்பிச் சேர்த்துக்கொண்டன. 2021 மே மாதம் கோவா அரசு, பெரியவர்கள் எல்லோருக்கும் அந்த மாத்திரை என்று அறிவித்தது. கொரோனா நோயாளிகளுக்கே மருந்துச் சோதனைக்கு வெளியே அது வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் மார்ச்சிலேயே சொல்லியிருந்தும். அந்த எகிப்திய ஆய்வைக் கிழித்துப் போட்டவர் லண்டனில் படித்த ஒரு மருத்துவ மாணவர். பாடத்துக்கான கட்டுரைக்காகப் படித்தபோது, முன்னுரை வேறெங்கிருந்தோ எடுத்த வாக்கியங்கள் என்று கண்டார். மூலத்தரவுக் கோப்புக்குக் கடவுச்சொல் இருந்தது. 1234 என்று போட்டார், திறந்துகொண்டது! ஆய்வு தொடங்கும் முன்பே இறந்தவர்களும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். ஜூலையில் கட்டுரை விலக்கப்பட்டது.

அவர் செய்ததைத்தான் கற்றுத்தர வேண்டும். இல்லாத கட்டுரையை இருப்பதுபோல் மேற்கோள் காட்டும் சாட்பாட்கள் வந்துவிட்ட பிறகு இதைத் தள்ளிப்போடுவது ஆபத்து. தனி வகுப்பு வைத்தால் தூங்குவார்கள். தேர்வில் வைக்க வேண்டும். இறுதியாண்டு செய்முறைத் தேர்வில் ஒரு நோயாளி, ஒரு கணினி, கால் மணி நேரம். எந்தக் கேள்வியோடு தேடினாய், இந்த ஆய்வை ஏன் நம்பினாய், சிறுநீரகம் பழுதான இந்த எழுபது வயதுப் பாட்டிக்கு அது பொருந்துமா என்று கேட்கட்டும். தேர்வாளர்களும் முன்கூட்டித் தேடிப் பார்த்துவிட்டு வரவேண்டியிருக்கும். முதல் எதிர்ப்பு அங்கிருந்துதான் வரும்.