தடம் கூறும் சான்று

காங்கேயத்துக் கொறங்காடுகளில் மேயும் மாடு கிளுவை வேலியைத் தாண்டிப் போய்விடின், உழவர் அதன் குளம்படியைப் பின்பற்றிச் சென்று மீட்பர். மண் காத்து வைத்த சுவடே அவர்க்கு வழிகாட்டி. இக்கால மாந்தரோ மண்ணில் மட்டுமன்றி வானலையிலும் சுவடு பதித்துச் செல்கின்றனர். அச்சுவடு கைப்பேசியால் உண்டாவது. காணாமற்போனவரைத் தேடும் காவல் துறையினர் இன்று முதலில் நாடும் சான்றுகளுள் இதுவும் ஒன்று. இச்சான்றின் ஆற்றல் பெரிது. அதனைக் கையாள்வோரின் பொறுப்போ அதனினும் பெரிது.

கைப்பேசிப் பதிவு என்பது பேசிய பேச்சன்று. யார் யாரை அழைத்தார், எப்பொழுது அழைத்தார், எவ்வளவு நேரம் பேசினார், எந்தக் கோபுரத்தின் வழியாகப் பேசினார் என்பன போன்ற குறிப்புகளே அதில் உள்ளன. 2021-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் திருத்தப்பெற்ற உரிம விதியின்படி, தொலைதொடர்பு நிறுவனங்கள் இக்குறிப்புகளைக் குறைந்தது 2 ஆண்டுகள் காத்து வைத்தல் வேண்டும். கண்காணிப்புக் காமிராவின் காட்சிக்கு அத்துணை ஆயுள் இல்லை. சில நாள்களிலோ வாரங்களிலோ பழைய காட்சியின்மேல் புதியது பதிந்துவிடும். காணாமற்போனவர் கையிலுள்ள கருவியின் மின்கலமும் விரைவில் அடங்கிவிடும். ஆதலின், காலந்தாழ்த்தாது தேடத் தொடங்குவதே முதற்கடமையாகும்.

கருவிகள் தரும் சான்றின் வலிமையைத் திருச்செங்கோட்டு வழக்கு நன்கு புலப்படுத்தும். 2015-ஆம் ஆண்டு சூன் 23-ஆம் நாள், ஓமலூரைச் சேர்ந்த பொறியியற் பட்டதாரி இளைஞர் ஒருவர் திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலுக்குச் சென்றார், வீடு திரும்பவில்லை. மறுநாள் பள்ளிபாளையத்தை அடுத்த இருப்புப்பாதையில் அவர் உடல் கிடந்தது. தற்கொலை போலத் தோன்றுமாறு செய்யப்பட்டிருந்த அச்சாவு, சாதி வெறியால் நிகழ்ந்த கொலை என்பது பின்னர் மெய்ப்பிக்கப்பட்டது. நீதிமன்றத்தில் சாட்சிகள் சிலர் பிறழ்ந்தனர். கோயிற் காமிரா பதித்த காட்சி பிறழவில்லை. கருவிக்கு அச்சமும் இல்லை, சுற்றமும் இல்லை அன்றோ! 2022-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் 10 பேரைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. 2023-ஆம் ஆண்டு சூன் 2-ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்றம் முதன்மைக் குற்றவாளியின் ஆயுள் தண்டனையை உறுதி செய்தது.

எனினும், கருவி பொய் சொல்லாது என்பதனாலேயே அது முழு உண்மையையும் சொல்லிவிடும் எனக் கருதுதல் பிழை. கோபுரத்தின் பதிவு கைப்பேசி இருந்த பகுதியைக் காட்டுமேயன்றி, அதனைக் கையில் வைத்திருந்தவர் யார் என்பதைக் காட்டாது. கோயம்புத்தூர்க் காந்திபுரத்தில் கோபுரங்கள் நெருங்கி நிற்றலின், தேடும் பரப்பு சிறிதாகும். வால்பாறை, சத்தியமங்கலம் போன்ற மலைப்பகுதிகளிலோ ஒரு கோபுரத்தின் எல்லை பல கிலோமீட்டர் விரியும். மலை மறைத்தால் அருகிலுள்ள கோபுரத்தை விட்டுத் தொலைவிலுள்ளதனோடு கைப்பேசி இணைவதும் உண்டு. அங்கெல்லாம் ஊராரும் வனத்துறையினரும் கால்நடையாகச் சென்று தேடுதலே பயன் தரும்.

பதிவுகளைப் பகுத்தாராயும் முறையிலும் பிழை நேரலாம். 2019-ஆம் ஆண்டு டென்மார்க் நாட்டில் அத்தகைய பிழை வெளிப்பட்டபொழுது, கைப்பேசிப் பதிவுகளை நீதிமன்றத்தில் சான்றாகக் காட்டுவதை 2 திங்கள் நிறுத்தி வைத்தனர். 10,000-க்கு மேற்பட்ட வழக்குகளை மீண்டும் ஆராய முற்பட்டனர். மின்னணுப் பதிவுக்கு உரிய சான்றிதழ் இணைக்கப்படவேண்டும் என நம் உச்சநீதிமன்றம் 2020-ஆம் ஆண்டு வலியுறுத்தியதும் இத்தகைய எச்சரிக்கை கருதியே. கொங்குநாட்டவராகப் போற்றப்படும் அடியார்க்குநல்லார் உரை கண்ட சிலப்பதிகாரம் உணர்த்துவதும் இதுவே. கோவலன் கையில் சிலம்பு இருந்தது மெய். அவன் கள்வன் என்பது பொய். கண்ட பொருளை ஆராயாது கொண்டமையால் பாண்டியன் செங்கோல் வளைந்தது.

இனி, இத்தடம் யாருக்காகத் தேடப்படுகிறது என்பதே தலையாய வினா. பெற்றோர் தம் மக்களைத் தேடுதல் குற்றமோ எனச் சிலர் கேட்பர். குற்றமன்று, சிறுவராயின் இமைப்பொழுதும் தாழ்த்தலாகாது. ஆனால், அகவை நிரம்பிய ஒருவர் தம் விருப்பப்படி வீட்டை விட்டுச் சென்றிருக்கவும் கூடும். வேற்றுச் சாதியில் மணம் செய்தோரைத் துரத்தும் சுற்றத்தார், காணாமற்போனார் என்னும் முறையீட்டையே வேட்டைக்குக் கருவியாக்கினால் என்னாகும்? நீதிக்குத் துணையாக வேண்டிய தடம் கொலைக்கு வழிகாட்டியாகிவிடும். தனிமறைவு ஓர் அடிப்படை உரிமை என உச்சநீதிமன்றம் 2017-ஆம் ஆண்டிலும், தம் விருப்பப்படி மணம் செய்வோரைக் காத்தல் அரசின் கடமை என 2018-ஆம் ஆண்டிலும் தீர்ப்பளித்தது. ஆகவே, கண்டுபிடிக்கப்பட்டவர் நலமாயிருப்பின் அவர் கருத்தை முதலில் கேட்டறிதல் வேண்டும். அவர் இசைவின்றி இருப்பிடத்தைப் பிறர்க்கு வெளிப்படுத்தலாகாது.

தேடுவோரின் சினத்திற்காக அன்று, காணாமற்போனவரின் உயிருக்காகவே தடம் தேடப்பட வேண்டும். விரைவோடு தேடுக, தெளிவோடு ஆராய்க, அறத்தோடு பயன்கொள்க. இம்மூன்றும் அமைந்தவழியே கைப்பேசித் தடம் நீதிக்கு வழியாகும்.