கிராணியாரின் குறிப்பேடு



தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு இந்தக் காட்சி மறந்திருக்காது. தபால் நேரே லயத்துக்கு வராது. தோட்ட ஆபீசுக்குத்தான் வரும். கிராணியார் பிரித்து மேசையில் பரப்புவார். முனியம்மா என்ற பெயரில் மூன்று பேர் இருந்தால், எந்தக் கடிதம் எந்த முனியம்மாவுக்கு என்பது அவருடைய குறிப்பேட்டுக்குத்தான் தெரியும். வேறு தோட்டம் போய்விட்டவர்களின் புது விலாசமும் அதில்தான் இருக்கும். பெரட்டில் பெயர் கூப்பிடும்போது நம் பெயர் வராதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்ற காலம் அது.

அந்தக் குறிப்பேடு இன்றும் இருக்கிறது. கம்ப்யூட்டருக்குள்!

பண்டமாரானில் எங்கள் தெருவில் ஒரு பெண். தாயார் பால்மரம் வெட்டிப் படிக்க வைத்தவர். டிப்ளோமா முடித்த கையோடு, ஒரு கம்பெனியின் விளம்பரத்தில் கண்ட மின்னஞ்சல் விலாசத்துக்கு வேலை மனு அனுப்பினாள். மூன்று வாரமாயிற்று. பதிலும் இல்லை, மனு திரும்பியும் வரவில்லை.

“என் சர்ட்டிபிகேட்டுல ஏதும் குறையா மாமா?” என்றாள்.

“நம்ம பேரைப் பார்த்ததும் ஒதுக்கி வச்சிருப்பாங்க” என்றார் தாயார். அந்தச் சந்தேகம் நம் வீடுகளில் சும்மா வருவதில்லை. ஆனாலும், “எதற்கும் போன் போட்டுக் கேள், அம்மா” என்றேன்.

கேட்டாள். “அப்படி ஒரு மனுவே வரவில்லையே” என்றார்கள். பிறகு அங்கே கம்ப்யூட்டர் பகுதியில் இருந்த ஒரு புண்ணியவான் தேடிப் பார்த்துக் கண்டுபிடித்தார். நடந்தது இதுதான்.

மின்னஞ்சல் வந்து சேரும் இடத்துக்கு சர்வர் என்று பெயர். அதில் ஒரு புரோகிராம் தபால் பிரிக்கும் ஆள் மாதிரி வேலை செய்யும். சென்ட்மெயில், போஸ்ட்ஃபிக்ஸ் என்று பல உண்டு. ஆனால் புரோகிராமுக்குச் சொந்த புத்தி கிடையாது. கிள்ளானில் ஓடினாலும் சென்னையில் ஓடினாலும் ஆள் ஒருவர்தான்; எது யாருக்கு என்பதைப் பக்கத்தில் உள்ள கோப்புகளைப் பார்த்துத்தான் செய்யும். அவற்றில் ஒன்று ‘அலையசஸ்’. அசல் கிராணியார் குறிப்பேடு! “வேலை மனு என்ற விலாசத்துக்கு வருவதை இன்னாருக்குக் கொடு” என்று ஒரு வரி அதில் இருக்கும்.

அந்த இன்னார் பென்ஷன் வாங்கிக்கொண்டு போய்விட்டார். புது அதிகாரியின் பெயரைக் கோப்பில் ஒழுங்காக எழுதியும் விட்டார்கள். ஆனால் புரோகிராம் அந்தக் கோப்பை நேரே படிப்பதில்லை. சீக்கிரம் தேடுவதற்காக அதிலிருந்து எடுத்த ஒரு நகலைத்தான் படிக்கும். எழுதிய பிறகு ‘நியூஅலையசஸ்’ என்று ஒரு கட்டளை கொடுத்தால்தான் நகல் புதுப்பிக்கப்படும். அதை மறந்துவிட்டார்கள். பென்ஷன்காரரின் பெட்டியும் மூடப்படாமல் இருந்தது. அதனால் இவளுடைய மனு மட்டுமல்ல, அந்த மாதம் மின்னஞ்சலில் வந்த அத்தனை மனுக்களும் ஆளில்லாத அந்தப் பெட்டியில் கிடந்தன. சீனர், மலாய்க்காரர், நம்மவர் எல்லாருடையதும்!

இந்தத் துறையில் கோப்புகளின் தொல்லை பழைய கதை. மின்னஞ்சல் விலாசத்தில் ‘அட்’ குறியை 1971இல் புகுத்தியவர் அமெரிக்கரான ரே டாம்லின்சன். எரிக் ஆல்மன் என்பவர் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எழுதிய சென்ட்மெயில் 1983இல் வெளிவந்தது. அதன் கோப்பைத் திறந்தால் கோழி கிளறிய மணல் மாதிரி இருக்கும், கைதேர்ந்தவர்களே திணறினார்கள். 1998இல் வீட்ஸ வெனெமா என்பவர் ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் இருந்தபடி போஸ்ட்ஃபிக்ஸை வெளியிட்டார். அதன் ‘மெயின்.சிஎஃப்’ கோப்பில் இடப்பக்கம் விஷயத்தின் பெயர், வலப்பக்கம் அதன் அளவு. பாமரனும் ஓரளவு படித்துவிடலாம்.

அதில் ஒரு வரி நம் பிள்ளைகளுக்கு முக்கியம்: ஒரு கடிதம் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பது. யாரும் மாற்றாவிட்டால் சுமார் 10 எம்பிதான். இணைக்கிற படங்கள் வழியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊதிவிடும். ஆகவே சர்ட்டிபிகேட் படங்கள் எல்லாம் சேர்ந்து 7 எம்பிக்குள் இருப்பது நல்லது.

திரும்பி வரும் கடிதத்தையும் பயந்து அழித்துவிடாதீர்கள். அதில் மூன்று இலக்க எண் ஒன்று இருக்கும். 4இல் தொடங்கினால் தற்காலிகத் தடங்கல். சர்வர் தானே மறுபடி முயலும். போஸ்ட்ஃபிக்ஸ் வழக்கமாக ஐந்து நாள் வரை விடாது. 5இல் தொடங்கினால் கதவு சாத்தியாயிற்று. 550 என்றால் பெரும்பாலும் அப்படி ஒரு விலாசமே இல்லை என்று பொருள். எழுத்துப் பிழையைப் பாருங்கள். மின்னஞ்சல் பெறும் எந்த நிறுவனமும் ‘போஸ்ட்மாஸ்டர்’ என்ற பெயரில் ஒரு பெட்டி வைத்திருக்க வேண்டும் என்பது விதி. புகாரை அங்கே எழுதலாம். எல்லா ஆபீசிலும் அதைத் திறந்து பார்க்கிறார்களா என்பது வேறு விஷயம்!

ஆனால் இந்தப் பெண்ணுக்கு நேர்ந்ததில் எந்த எண்ணும் வராது. புரோகிராமைப் பொறுத்தவரை கடிதம் போய்ச் சேர்ந்துவிட்டது. அங்கே போன் ஒன்றுதான் வழி.

அந்த வேலை, மனுவை நேரில் கொண்டுபோய்க் கொடுத்த ஒருவருக்குப் போய்விட்டது. அடுத்த காலியிடத்துக்கு இவளை அழைத்திருக்கிறார்கள். வரும் செவ்வாய்க்கிழமை நேர்முகத் தேர்வு. தானும் கூடப் போவதாகச் சொல்லி, தாயார் இப்போதே சேலைக்கு இஸ்திரி போட்டு வைத்திருக்கிறார்.